வடக்கு வானத்தில் கரும்பு

திருச்சியைத் தாண்டினாலே எங்கள் அம்மாவுக்கு வெளிநாடுதான். நான் பதினெட்டு வருஷம் அரசு ராக்கெட் மையத்தில் வேலை பார்த்தபோதும், ஏழு மாதம் முன்பு அதை உதறிவிட்டுப் பெங்களூரில் ஒரு தனியார் விண்வெளிக் கம்பெனியில் சேர்ந்தபோதும் அவள் கேட்டது ஒரே கேள்வி: “ஏட்டி, அங்க இட்லி கிடைக்குமா?” கள்ளக்குறிச்சிக்குப் போகிறேன் என்றதும் அதையே கேட்டாள். கிடைக்கும் என்றேன். அம்பாசமுத்திரத்து இட்லி மாதிரி இருக்குமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

பெருந்தொற்று வந்த வருஷத்தின் கடைசி அது. வட மாவட்டங்களில் உள் ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எனக்குக் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் வேலை. கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் கம்பெனி ஒரு தரைநிலையம் அமைத்திருந்தது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு இரும்புக் கம்பம், அதன் தலையில் ஒரு தட்டு ஆன்டெனா, பக்கத்தில் ஏசி போட்ட ஒரு தகர அறை. தலைக்கு மேலே போகிற செயற்கைக்கோள் அனுப்புவதை வாங்கிப் பதிவு செய்துகொள்வதுதான் அதன் வேலை.

இத்தனை காலம் இந்த வேலை அரசாங்கத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அந்த வருஷம்தான் தனியாரும் வரலாம் என்று கதவைத் திறந்தார்கள். வருகிறவர் சோதனையில் தேற வேண்டும். வெள்ளிக்கிழமை ஓர் அரசு அதிகாரி வருவார். காலை பத்தரைக்கு ஓர் அரசு செயற்கைக்கோள் வடக்கே எழுந்து தெற்கே இறங்கும். அது வடக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே வந்ததுமே எங்கள் ஆன்டெனா அதைப் பிடித்து, தெற்கே இறங்கும்வரை விடாமல் வைத்திருக்க வேண்டும். தவறினால் வரிசையின் வாலுக்குப் போய் நிற்க வேண்டும். முதலீட்டாளர்கள் வைத்த கெடு அந்த மாதத்தோடு முடிகிறது. வரிசையில் நிற்கிற அளவுக்கு எங்களுக்கு ஆயுள் இல்லை, கம்பெனியை மூடிவிடுவார்கள். நாற்பத்து மூன்று வயதில், யார் பேச்சையும் கேட்காமல், அரசு வேலையை விட்டு வந்தவள் நான். மூடினால் முதலில் சிரிக்கப்போவது என் நாத்தனார்.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினேன். ஆன்டெனாவைக் காணவில்லை.

வழி தவறிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். சுற்றிலும் கரும்பு. வரப்பில் நடந்து, அதன் சோகை இலைகள் முகத்தில் அறைய, திரும்பிய இடத்தில் கம்பம் நின்றது. அதற்கு வடக்கே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், இரண்டு ஆள் உயரத்துக்குக் கரும்பு. என் ஆன்டெனா செயற்கைக்கோளைத் தேட வேண்டிய வடக்கு வானத்தின் அடிப்பகுதி முழுக்க அதன் பின்னால் இருந்தது. ஈரக் கரும்பைத் துளைத்துக்கொண்டு அந்த அலைவரிசை வராது.

நடந்தது இதுதான். எங்கள் குழு இடம் பார்க்க வந்தபோது கரும்பு வெட்டி முடித்திருந்தார்கள். வெறும் கட்டாந்தரை. காற்றின் வேகத்தை அளந்தார்கள், மழையில் சிக்னல் எவ்வளவு குறையும் என்று புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை கணக்கிட்டார்கள், “வடக்கில் தடை ஏதும் இல்லை” என்று படத்தோடு அறிக்கை எழுதினார்கள். பிறகு ஊரடங்கு வந்தது. கம்பம் நட்டவர்கள் கம்பத்தை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பெங்களூரில் உட்கார்ந்து அந்த அறிக்கையைப் படித்த நானும் சரி என்று டிக் போட்டேன். மூன்று பொறியியல் பட்டதாரிகள் சேர்ந்து, வெட்டின கரும்பு மறுபடி துளிர்க்கும் என்பதை மறந்திருந்தோம்.

நிலத்துக்காரர் தங்கராசு அறுபது வயதுக்காரர். ஆன்டெனாவுக்கு நிலம் வாடகைக்கு விட்டவரும் அவர்தான், பக்கத்துக் கரும்பும் அவருடையதுதான். நான் தலையில் கைவைத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“இன்னாம்மா, தட்டு உடஞ்சிப் போச்சா?”

“கரும்பு மறைக்குதுங்க.”

“ஆமா, வளந்துட்டுது.” ஏதோ என் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறவர் மாதிரி மகிழ்ச்சியாகச் சொன்னார். “இந்த வருசம் மழ ஜாஸ்தி. நல்லா வந்துக்கினு இருக்குது.”

கம்பத்தை உயர்த்தினால் என்ன என்று கேட்டார், நியாயமான கேள்வி. நீளமான கம்பம் செய்து வர மூன்று வாரம் ஆகும், இருக்கிற அஸ்திவாரம் அதைத் தாங்காது, ஆடினால் ஆன்டெனா குறி தவறும். வடக்கே ஒரு பட்டையை மட்டும் வெட்டித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

“வெட்டி இன்னா பண்றது? வெட்டின கரும்பு ரெண்டு நாளு கெடந்தா எடையும் போச்சு, சாறும் போச்சு. கூட்டுறவு மில்லுல வெட்டு உத்தரவு குடுத்தாத்தான் வெட்டலாம். நம்ம மொறை தை மாசம்.”

“வெல்ல ஆலைக்குக் குடுத்தா?”

“ஆலைக்காரன் நாளைக்கே வண்டி கொண்டாந்து எடுத்துக்கினு போவான். அடுத்த வருசம் வெல்லம் வெல கம்மியானா போன்கூட எடுக்க மாட்டான். மில்லு லேட்டா எடுக்கும், லேட்டா குடுக்கும். ஆனா முப்பது வருசமா எடுத்துக்கினுதான் இருக்குது. மில்லுல பதிஞ்ச கரும்ப அவனுக்கு தள்ளிவுட்டா எனக்கு மரியாதையா?” பிறகு திடீரென்று, “நீங்க இன்னா, கவர்மெண்டா பிரைவேட்டா?” என்றார்.

“பதினெட்டு வருஷம் மில்லு. ஏழு மாசமா ஆலை.”

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்ததும், மில் உத்தரவு வாங்கிவிட்டால் தனக்குத் தடை இல்லை என்றார். அன்று மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. கத்தரிக்காய்க் காரக்குழம்பு கண்ணில் நீர் வரவழைத்தது. தேங்காய் அரைத்து விட்ட குழம்பில் வளர்ந்த எனக்கு இவர்கள் காரம் தண்டனைதான், ஆனாலும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் மில் ஆபீஸில் ஆச்சரியம் காத்திருந்தது. கரும்பு அலுவலர் என் கதையை முழுதாகக்கூடக் கேட்கவில்லை. “ஆள் இருக்குதாம்மா உங்க கிட்ட?” என்றார். வெட்டு ஆட்கள் எல்லாரும் போராட்டத்துக்குப் போய்விட்டார்கள், மில்லுக்கே கரும்பு வரத்துக் குறைந்துவிட்டது, ஆள் கொண்டு வந்தால் கையோடு உத்தரவு தருகிறேன் என்றார். பதினெட்டு வருஷ அரசு வேலையில் ஒரு கோப்பு இவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஆள்? மலைக்கிராமங்களில் கிடைக்கும் என்றார் அவரே. தங்கராசுவின் கரும்புக் கொல்லையை வழக்கமாக வெட்டுவது ஏழுமலை மேஸ்திரியின் கூட்டம். ஒரு கூட்டம் வெட்டுகிற கொல்லையில் இன்னொரு கூட்டம் அருவாள் வைக்காது. வைத்தால் சண்டை. வழக்கமான மேஸ்திரி தானே வந்து முதல் வெட்டு வெட்டிக் கொடுத்தால்தான் மற்றவர் இறங்கலாம். இது எந்தக் காகிதத்திலும் இல்லாத சட்டம். ஏழுமலையைத் தேடிக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். ஊருக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது, முன்னால் ஊர்வலம். வெயிலில் நடந்தேன். என் முன்னே நடந்த இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை வாங்காமல் விட்டால் பேரப்பிள்ளைகள் காறித் துப்புவார்கள் என்றார் ஒருவர். பரீட்சைக் கட்டணம் மட்டும் எத்தனை தரம்தான் கட்டுவது என்றார் மற்றவர்.

ஏழுமலை போராட்டக் கூட்டத்தில் மனுவோடு உட்கார்ந்திருந்தார். கட்டையான, கறுத்த மனிதர். இடுப்புத் துண்டில் பேனா செருகியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

“இந்த வாரம் அருவா தொடமாட்டோம். சொல்லிட்டோம்.”

“மலைல இருந்து ஆள் கொண்டாந்தா கோவிச்சுக்குவீங்களா?”

மனுவை மடித்துத் துண்டில் செருகினார். “மலைக்காரங்க வெட்டட்டும். மொத வெட்டு நானு வந்து போடறேன். நுனில இருக்கற கொழுந்தாட மட்டும் எங்க மாட்டுக்கு. அது எங்க பாத்தியத.” பிறகு அவரே, “வெள்ளிமலைக்கு அப்பால மல்லிகான்னு ஒரு பொண்ணு கீது. அவ சொன்னா கூட்டம் எறங்கும்,” என்றார்.

நன்றி சொல்லிவிட்டு ஒரு ஓட்டலில் நுழைந்தேன். அம்மாவுக்குச் சொன்ன இட்லி இருந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பரோட்டாவும் சால்னாவும் பிரமாதம்.

செவ்வாய்க்கிழமை மலைக்குப் பஸ் ஓடவில்லை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவரக் காலியாக மேலே போன ஒரு பிக்கப் வண்டியில் தொற்றிக்கொண்டேன். பின்னால் ஆறு பேர், ஒரு கோழிக்கூடை, நான். மூன்றாவது வளைவில் வண்டி பெருமூச்சு விட்டுப் புகை கக்கியது. டிரைவர் ஒன்றுமே நடக்காதவர் போல இறங்கிப்போய் ஓடையில் தண்ணீர் மொண்டு வந்தார். எல்லாரும் பாறையில் உட்கார்ந்தோம். குளிர்ந்த காற்று, கீழே கோமுகி அணை, அதைச் சுற்றிப் பச்சைக் கரும்பு. அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

பக்கத்தில் இரண்டு பெண்கள் ரேஷன் கடையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கைரேகை வைக்கிற மெஷினுக்கு டவர் கிடைப்பதில்லையாம்.

“அந்த மெஷின எடுத்துக்கினு பாற மேல ஏறி வானத்த காட்டினு நிக்கறான் கடைக்காரன். மேல எத்தினியோ சாட்டிலைட் வுடறாங்களாம். நம்ம அரிசிக்கு ஒரு டவர் கோடு வரமாட்டேங்குது.”

நான் எந்த வேலை பார்க்கிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மல்லிகா களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்தாள். சாமைச் சோறு வாயில் மணலாகக் கிடக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பொய். பொன் நிறத்தில், பூப்பூவாக இருந்தது.

“எந்த அலைவரிச மேடம்?” என்றாள்.

சாப்பிடுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன். மல்லிகா எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் தொழிற்சாலையில் ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கிறாள், காண்டிராக்ட்டில். ஊரடங்கு வந்ததும் ஒரு குறுஞ்செய்தியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் மலைக்குத் திரும்பி, கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறாள். நான் முன்பு வேலை பார்த்த மையத்தின் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

“ரெண்டு வாட்டி எழுதனேன் அங்க, டெக்னீசியன் வேலைக்கு. பழங்குடிக்கு ஒரே எடம். ரெண்டாவது வாட்டி எனக்கு முன்னால ஒருத்தர்தான் இருந்தாரு. இந்த வருசம் எழுதலாம்னு இருந்தேன். அறிவிப்பே வர்ல.” பிறகு, “அந்த வேலைய எல்லாம் இப்ப நீங்க எடுத்துக்கினு வந்துட்டீங்களா மேடம்?” என்றாள்.

அவள் குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் வலித்தது.

“எல்லாம் இல்ல. கொஞ்சம்.”

“உங்க கம்பெனில இட ஒதுக்கீடு உண்டா?”

“இல்ல.”

“கீழ அவங்க ரோட்டுல ஒக்காந்துக்கினு அவங்க பங்க கேக்கறாங்க. தப்பில்ல, கேக்கட்டும். எங்களுக்கும் ஒரு பங்கு எழுதி வச்சிருக்காங்க. எல்லாம் கவர்மெண்டு வேலைல. வேலையே அங்க இல்லாம உங்க கைக்கு வந்துட்டா, நாங்க எல்லாம் எதுல பங்கு கேக்கறது?”

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அரசு மையத்துக்குள் போனது இட ஒதுக்கீட்டில்தான். எங்கள் தெருவிலிருந்து அந்த வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. ஆனால் பெங்களூரில் சேர்ந்த இந்த ஏழு மாதத்தில், யாரை எடுக்கிறோம், எங்கிருந்து எடுக்கிறோம் என்று ஒருதரம்கூட நான் கேட்டதில்லை. அந்தக் களத்தில் உட்கார்ந்திருந்தபோது வெட்கமாக இருந்தது.

“நான் வாக்குக் குடுக்க முடியாது மல்லிகா. முடிவெடுக்கிறது நான் இல்ல. ஆனா கேப்பேன்.”

“கேக்கறேன்னு எல்லாரும்தான் சொல்வாங்க. எப்ப கேப்பீங்க?”

யோசித்தேன். சோதனை முடிந்ததும் பொறுப்புப் பொறியாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து விழுந்தால்தான் அறிக்கை செல்லும். அது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி.”

அவள் முறத்தை எடுத்து மிச்சமிருந்த சாமையைப் புடைத்து முடித்தாள். “நாளைக்கு காலைல பன்னெண்டு பேரு வரோம்,” என்றாள்.

புதன்கிழமை விடிந்ததும் ஏழுமலை பைக்கில் வந்தார். தங்கராசு கற்பூரம் ஏற்றினார். ஏழுமலை ஒரே ஒரு கரும்பை அடியோடு வெட்டி மல்லிகா கையில் கொடுத்தார், பைக்கைத் திருப்பிக்கொண்டு போராட்டத்துக்குப் போனார். அதன்பின் ஆறு ஜோடியாக அருவாளோடு இறங்கினார்கள். ஒருவர் வெட்ட, ஒருவர் சோகை உரித்துக் கட்ட, சத்தம் நிற்கவே இல்லை. நானும் கட்டுக் கட்டிப் பார்த்தேன். பத்தே நிமிஷத்தில் சோகை என் கையை வரிவரியாகக் கிழித்தது. “மேடம், நீங்க தட்ட பாருங்க,” என்று ஓர் அம்மாள் என்னை மரியாதையாக வெளியேற்றினார்.

மத்தியானம் எங்கள் நிறுவனர் நிகிலுக்குப் போன் போட்டேன். முப்பத்தொரு வயது, கெட்டிக்காரன், நல்லவனும்கூட. மல்லிகா கேட்டதைச் சொன்னேன். அவன் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: “சரி என்று சொல்லிவையுங்கள் மேடம். கரும்பு முதலில் விழட்டும். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.”

“சரி என்று சொல்லவில்லை. கேட்பேன் என்று சொல்லியிருக்கிறேன்,” என்றேன்.

“ரொம்ப நல்லது, அப்படியென்றால் பிரச்சினையே இல்லை,” என்று வைத்துவிட்டான்.

வியாழன் மாலை அந்தப் பட்டையின் கடைசிக் கட்டு டிராக்டரில் ஏறியது. கொழுந்தாடையை ஏழுமலை வீட்டு வண்டி வந்து அள்ளிப் போனது. கம்பத்தடியில் நின்று பார்த்தேன். வடக்கு வானம் தரைவரைக்கும் திறந்து கிடந்தது. அன்று ராத்திரி, ஐந்து நாளில் முதல் தடவையாக, நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். முகக்கவசம் மோவாயில் தொங்கியது. உளுந்தூர்பேட்டையில் சாலை மறிக்கப் போவதாகச் சொல்கிறார்கள், பன்னிரண்டுக்குள் கிளம்ப வேண்டும் என்றார். மல்லிகாவும் கூட்டமும் மிச்சக் கரும்பையும் வெட்டித்தர இருந்துவிட்டார்கள், மில் அதற்கும் உத்தரவு தந்திருந்தது. பத்தரைக்கு எல்லாரும் அருவாளை வைத்துவிட்டு வரப்பில் வந்து நின்றார்கள்.

ஆன்டெனா வடக்கே திரும்பிக் குனிந்தது. தகர அறையில் திரையில் வெறும் இரைச்சல். ஒரு விநாடி, இரண்டு, மூன்று. பிறகு இரைச்சலுக்கு நடுவே ஒரு கூர்முனை எழுந்து நின்றது. கதவருகே நின்ற மல்லிகா, “லாக் ஆயிடுச்சி,” என்றாள், அதிகாரி சொல்வதற்கு முன்பே. பன்னிரண்டு நிமிஷம் ஆன்டெனா மெல்ல நிமிர்ந்து, உச்சியைத் தாண்டி, தெற்கே சாய்ந்தது. ஒரு துளி விடவில்லை. அதிகாரி கைகொடுத்தார். தங்கராசு கைதட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதிகாரி காகிதத்தை நீட்டினார். “இங்க கையெழுத்து மேடம்.”

“கொஞ்சம் பொறுங்க,” என்று சொல்லிவிட்டு வரப்புக்குப் போய் நிகிலை அழைத்தேன். சோதனை தேறியது என்றதும் அந்தப் பக்கம் கூச்சல், கொண்டாட்டம். அது அடங்கும்வரை காத்திருந்தேன். “இந்த நிலையத்துக்கு ஒன்பது பேர் எடுக்கப் போகிறோம். அரசு எந்த முறையில் இடம் ஒதுக்குகிறதோ அதே முறையில் எடுப்போம் என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. பிறகு நான் கையெழுத்துப் போடுகிறேன்.”

“மேடம், இது மிரட்டல்.”

“ஆமாம்.”

“தனியாருக்கு அந்தச் சட்டம் கிடையாது. முதலீட்டாளர்களிடம் நான் என்ன சொல்வேன்?”

“சட்டம் கிடையாது என்பதால்தான் கையெழுத்து கேட்கிறேன். இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அரசுப் பணம். இப்போது மேலே போனது அரசுப் பணம். நம் ஆன்டெனாவைச் சோதித்த கூடம் அரசுப் பணம். அந்தப் பணம் இங்கே வரப்பில் நிற்கிறவர்கள் தீப்பெட்டி வாங்கும்போதும் வரியாகப் போட்ட பணம். உன் முதலீட்டாளர்களுக்கு முன்னாலேயே முதல் போட்டவர்கள் இவர்கள் என்று சொல்.”

அவன் வைத்துவிட்டான். அதிகாரி கடிகாரம் பார்த்தார். தங்கராசு அவருக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்து உட்கார வைத்தார். மணி பதினொன்று. போடாவிட்டால் கம்பெனி போகும், அதோடு நானும் போவேன். தெரிந்துதான் நின்றேன்.

கால் மணி நேரத்தில் மின்னஞ்சலில் முதல் தாள் வந்தது. அறையிலிருந்த பிரிண்டரில் எடுத்து மல்லிகாவிடம் கொடுத்தேன். மல்லிகாவுக்குத் தொழில்நுட்ப உதவியாளர் வேலை தருவதாக இருந்தது. நிரந்தரம். சம்பளமும் நல்ல சம்பளம். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த இடத்தில் நான் இருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் தாளைத் திருப்பி நீட்டினாள். “நானு என் ஒருத்திக்கு கேக்கலீங்க.”

மறுபடி போன். இருபது நிமிஷம் கழித்து இரண்டாவது தாள். ஒன்பது இடங்களுக்கும் அரசு முறையை “இயன்றவரை” பின்பற்றுவோம் என்றது. மல்லிகா அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தாள். கரும்புப் பிசுக்கில் அங்கே ஒரு கறை விழுந்தது.

“இது இன்னாத்துக்கு? ஆறு வருசம் இந்த மாதிரி தாளுலதான் வேல பாத்தேன்.”

மூன்றாம் முறை நிகிலை அழைத்தபோது பதினொன்றே முக்கால். அதிகாரி காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார், டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். “அந்த ஒரு சொல்லை எடு,” என்றேன்.

“நீங்கள் யாருக்காக வேலை பார்க்கிறீர்கள் மேடம்?” குரல் உடைந்திருந்தது. எனக்கு அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது.

“உனக்காகத்தான். நாளைக்கு நீ பெரிய ஆளாவாய். இவர்கள் இல்லாமல் பெரிய ஆளாகாதே.”

போன் வைக்கப்படாமல் இருந்தது. நெடுநேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிரிண்டர் மூன்றாவது தாளைத் துப்பியது. ஓடினேன். அந்தச் சொல் இல்லை. கீழே அவன் கையெழுத்து இருந்தது. காரின் முன்பக்கத்து மூடியில் வைத்து அதிகாரியின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

மல்லிகா மூன்றாவது தாளை வெயிலில் நின்றபடி இரண்டு தரம் படித்தாள்.

“பரீட்ச வைப்பீங்கல்ல மேடம்?”

“வைப்போம்.”

“வைங்க. எழுதிக்கிறோம். இன்னொரு காப்பி எடுத்துக் குடுங்க, எங்க ஊருல ஒட்டணும்.”

பிரதியை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, அருவாளை எடுத்தாள். வெட்டிப் போட்டது காய்ந்துகொண்டிருக்கிறது என்று கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுக் கரும்புக்குள் இறங்கினாள்.

என் பிரதியை நான் பஸ்ஸில்தான் நிதானமாகப் படித்தேன். ஒரு பக்கம், ஏழு வரி. அதில் அவள் பெயர் எங்கேயும் இல்லை.